மறுமொழி: ‘ரெட்டாரிக்கல் பிரேசி’ = நுதலுரை?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

ஆங்கிலத்தில் ‘ரெட்டாரிக்கல் பிரேசி’ (rhetorical précis) எனப்படும் எழுத்துப்பயிற்சிக்குத் தமிழில் ‘கருத்துச் சுருக்கம்’ என்ற பெயரே போதும் என்று முந்தைய மடலில் எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. சுருக்கம் என்பது நூல் சொன்னதைக் குறைத்துச் சொல்வது. மார்கரெட் உட்வொர்த் 1988இல் எழுதிய கட்டுரையால் பரவிய இந்த வடிவமோ, ஆசிரியர் எதை நிறுவ வந்தார், எப்படி நிறுவினார், என்ன நோக்கத்தோடு, யாருக்காக என்பதை நான்கே வாக்கியத்தில் சொல்கிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்கள் சுருக்கத்தை ‘ரெசுமே’ என்பார்கள்; மற்றவர்களுக்கு அது வேலைக்கு அனுப்பும் தன்விவரம். இங்கே தமிழ்ச்சொல் ஒன்று இருந்தே தீரவேண்டும்.

‘நுதலுரை’ என்பது என் பரிந்துரை; நுதலுதல் என்றால் கருதிச் சொல்லுதல். நூலின் முன்னுரையான சிறப்புப்பாயிரத்துக்கு நன்னூல் எட்டுப் பொருள் வகுக்கிறது: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். உட்வொர்த் கேட்பதில் பெரும்பகுதி இதில் அடங்கிவிடுகிறது. அப்படியானால் பாயிரம் என்றே சொல்லலாமே என்பீர்கள். அணிந்துரை, புனைந்துரை என்பவையும் பாயிரத்தின் பெயர்களே; புகழ்ச்சி ஒட்டிக்கொண்டே வரும். ‘என் நுதலிற்றோ எனின்’ (எதைச் சொல்லக் கருதியது என்றால்) என்று உரையாசிரியர்கள் கேட்ட கேள்வியில் புகழ்ச்சி இல்லை. பாயிரத்தில் இடம்பெறாதது நிறுவும் முறை மட்டும். அதற்கு ‘உத்தி’ இருக்கிறது.

புதுச்சேரிக்குப் பக்கத்து ஊரான அரிக்கமேட்டை வைத்தே நுதலுரை ஒன்று எழுதிப் பார்த்தேன்:

“தொல்லியலாளர் மார்டிமர் வீலரும் உடனாசிரியர்களும் 1946இல் ‘ஏன்ஷியன்ட் இந்தியா’ இதழில் வெளியிட்ட அகழாய்வு அறிக்கை, அரிக்கமேடு கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய வணிகத்தொடர்பு கொண்ட ஊர் என நிறுவுகிறது. காலம் தெரிந்த இத்தாலிய அரிட்டைன் மட்கலத் துண்டுகள் எந்த மண்ணடுக்கில் கிடைத்தன என்பதைக் கொண்டு, உடன்கிடைத்த ரௌலட்டட் (உருளையால் கோலம் பதித்த) கலங்களுக்கும் காலம் குறிக்கிறது. தென்னிந்தியத் தொல்லியலுக்கு உறுதியான காலப்புள்ளி ஒன்றைத் தருவது அதன் நோக்கம். இந்தியாவில் அகழாய்வு செய்வோரை முன்னிறுத்தி எழுதப்பட்டது.”

இரண்டாம் வாக்கியத்தைக் கவனியுங்கள். தொல்லியலாளர் விமலா பெக்லி பின்னாளில் வீலரோடு மாறுபட்டது அங்கேதான். ரௌலட்டட் கலங்கள் இன்னும் முந்தியவை என்றார் அவர். குடியிருப்பின் தொடக்கமும் கி.மு. நூற்றாண்டுகளுக்குப் போனது. ‘அரிக்கமேட்டில் ரோமானியப் பொருள்கள் கிடைத்தன’ என்று சுருக்கி எழுதும் மாணவருக்கு, இந்தக் கருத்து வேறுபாடு எங்கே முளைத்தது என்றே தெரியாது. தனிப்பெயர் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

நுதல் என்றால் நெற்றி என்று குழம்புவார்களோ? ‘நுதலுரை எழுதுக’ என்று வினாத்தாளில் பார்ப்பவர் குழம்பமாட்டார்.

இனி முடிவாகவேண்டியது நுதலுரையின் முதல் வாக்கியத்தில் வரும் வினைச்சொல். ‘கூறுகிறார்’ எதற்கும் பொருந்துவதால் எதையும் உணர்த்துவதில்லை. நிறுவுகிறார், மறுக்கிறார், ஐயுறுகிறார், வலியுறுத்துகிறார், கோடிட்டுக் காட்டுகிறார்: என்னிடம் இவைதான் உள்ளன. உங்களுக்குத் தோன்றுபவற்றையும் இந்த இழையிலேயே சேருங்கள்.

அன்புடன்,
புதுச்சேரியிலிருந்து