தகைவிலான் கிளம்பும் நாளைக் குறிப்பது எப்படி

அனைவருக்கும் வணக்கம்.

பனி விலகி வெயில் ஏறும் நாட்களில் தெற்கே தகைவிலான்கள் (swallow எனும் வலசைப் பறவைகள்) கிளம்பத் தொடங்கும், வடக்கே இருப்பவர்கள் கண்ணில் புதிதாகப் படும். பறவை பார்க்கும் நம்மில் இரு பக்கமும் ஆட்கள் இருப்பதால் வந்த தேதி, போன தேதி இரண்டையும் பிடித்துவிடலாம். வந்த நாளைக் குறிப்பது எளிது. போன நாள்தான் கடினம். அதுதான் கடைசி என்று அன்றைக்குத் தெரியாது. ஆகவே, பறவை கண்ணில் படாத நாளையும் எழுதியே ஆக வேண்டும்.

ஒரே இடத்தில், விடிந்த ஒரு மணி நேரத்துக்குள், 15 நிமிடம் நின்று, அடையாளம் தெரிந்த எல்லா இனங்களையும் எண்ணிக்கையோடு குறியுங்கள். பறவைப் பட்டியல்களைப் பதியும் ஈபேர்ட் (eBird) தளத்தில் ஏற்றும்போது முழுப் பட்டியலா என்ற கேள்விக்கு ‘ஆம்’ கொடுத்தால்தான், பட்டியலில் இல்லாத பறவை அன்று தென்படவில்லை என்று கணக்காகும். கூட்டம் மறைந்த பிறகும் இரண்டு வாரமாவது விடாதீர்கள். பனிக்காலம் முழுக்க அங்கேயே இருந்தவை போன பின், இன்னும் தெற்கிலிருந்து வருபவை அதே கம்பிகளில் வந்து உட்காரலாம். எண்ணிக்கை விழுந்து மறுபடி ஏறுவது அதனால்தான்.

தொண்டையைப் பார்க்காமல் தகைவிலான் என்று எழுத வேண்டாம். செம்பழுப்புத் தொண்டை, அதன் கீழே கருநீலப் பட்டை இருந்தால் வலசை வருவது. தொண்டை வெள்ளையாகவும் உச்சந்தலை செம்பழுப்பாகவும் இருந்தால் கம்பிவால் தகைவிலான். அது நம் பக்கம் ஆண்டு முழுக்க இருப்பது. அதைச் சேர்த்து எண்ணினால் ‘போன நாள்’ வரவே வராது.

வாலாட்டிக் குருவிகளில் குழப்பம் இன்னும் அதிகம். பனிக்காலத்தில் வெள்ளை வாலாட்டிக்குத் தொண்டை வெள்ளை, மார்பில் கரும்பிறை மட்டும். கிளம்பும் முன் இறகு மாறிப் பலவற்றுக்குத் தொண்டையே கறுத்துவிடும், உடனே வெண்புருவ வாலாட்டி என்று பதிவாகிவிடும். நெற்றியைப் பாருங்கள். வெள்ளை வாலாட்டிக்கு நெற்றியும் முகமும் வெள்ளை. வெண்புருவத்துக்கு அலகின் அடிவரை கறுப்பு, கண்ணுக்கு மேலே மட்டும் வெள்ளைக் கோடு.

கரையோரப் பறவைகளான உள்ளான், உப்புக்கொத்தி வகைகளுக்கு இந்த முறை சரிவராது. இளம் பறவைகள் சில வடக்கே போகாமல் கோடையையும் கடற்கரையிலேயே கழிக்கும். அவற்றுக்குத் தேதியைவிட, எத்தனை இறகு மாறிச் செந்நிறமானவை, எத்தனை சாம்பலாகவே இருப்பவை என்று பிரித்து எழுதினால் பயன்படும்.