14 வாரம், டாப்ளர்ல 82 காட்டுது. இது குழந்தையோட துடிப்பா?

கேள்வி: தேன்கனிக்கோட்டைக்காரன்

மனைவிக்கு 14 வாரம் 2 நாள், முதல் குழந்தை. 12ஆவது வார ஸ்கேன்ல துடிப்பு 161, எல்லாம் நார்மல். ரிப்போர்ட்ல ‘பிளசென்டா ஆன்டீரியர்’னு, அதாவது நச்சுக்கொடி முன்பக்கம்னு போட்டிருக்கு. குழந்தையோட இதயத்துடிப்பை வீட்லயே கேட்க, ஆன்லைன்ல கையில பிடிக்கிற டாப்ளர் மெஷின் ஒண்ணு வாங்கினோம், வயித்துல வைக்கிற முனை 3 மெகாஹெர்ட்ஸ் புரோப். தொப்புளுக்குக் கொஞ்சம் கீழ வெச்சா ‘புஸ்... புஸ்...’னு காத்து வீசுற மாதிரி சத்தம். திரையில 82, சில நேரம் 84. 110க்குக் கீழ போனா ஆபத்துன்னு எங்கயோ படிச்சுட்டு சாயங்காலத்துல இருந்து அழுதுட்டே இருக்கா. இப்பவே ஓசூர் போகணுமா? கூட வந்த ஜெல் தீர்ந்துடுச்சு, தேங்காய் எண்ணெய் தடவலாமா?

பதில்: பயோமெட் தருமபுரி

ரத்தப்போக்கு, வயித்து வலி, தண்ணி கசிவு, காய்ச்சல் எதுவும் இல்லைன்னா இந்த நம்பருக்காக ராத்திரியில கிளம்ப வேண்டாம். 82 பெரும்பாலும் உங்க வீட்டம்மாவோட நாடிதான்.

டாப்ளர் இதயத்தைத் தேடிப் பிடிக்கிற மெஷின் இல்ல. புரோப்புக்குள்ள ஒரு பக்கம் ஒலியை அனுப்பும், இன்னொரு பக்கம் திரும்பி வர்றதை வாங்கும். வழியில எது அசைஞ்சாலும் அதைச் சத்தமா மாத்தும். அம்மாவோட பெரிய ரத்தக்குழாய் வயித்துக்கு நடுவுலயே ஓடுது. கர்ப்பப்பைக்குப் போற ரத்தக்குழாய்கள் ரெண்டு பக்கமும் இருக்கு. ‘புஸ்’ சத்தம் அங்க இருந்துதான் வரும், அது அம்மா நாடியோட வேகத்துலயே போகும். குழந்தையோட இதயம் அப்படிக் கேட்காது. குதிரை ஓடுற மாதிரி ‘டக்டக் டக்டக்’னு வேகமா, வெட்டி வெட்டிக் கேட்கும். தொப்புள்கொடியில வர்ற சத்தமும் ‘புஸ்’தான், ஆனா குழந்தையோட வேகத்துல ஓடும்.

இங்க ஒரு சிக்கல் இருக்கு. திரையில வர்ற நம்பர், ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வர்ற சத்தத்தை வெச்சு மெஷின் போடுற கணக்கு. சிக்னல் மோசமா இருந்தா ரெண்டு துடிப்பை ஒண்ணா எண்ணிடும். 164ஐப் பாதியாக்கினாலும் 82தான் வரும்! அம்மாவோட 75ஐ ரெட்டையா எண்ணி 150ன்னு காட்டுறதும் உண்டு. ரெண்டாவதுதான் மோசம், பார்த்தா குழந்தையோட நம்பர் மாதிரியே இருக்கும். அதனால நம்பரை விடுங்க, காதை நம்புங்க.

சோதிக்க ஒரே வழிதான். கொரோனா சமயத்துல வாங்கின ஆக்ஸிமீட்டர் வீட்ல கிடந்தா அவங்க விரல்ல மாட்டுங்க. இல்லைன்னா மணிக்கட்டுல நாடியைப் பிடிங்க. சத்தமும் நாடியும் ஒண்ணா விழுந்தா அது அம்மா. நாடி 82லயே நிக்குது, சத்தம் அதைத் தாண்டி ஏறக்குறைய ரெண்டு மடங்கு வேகத்துல ஓடுதுன்னா குழந்தை. எண்ணணும்னா பேப்பர்ல ஒரு துடிப்புக்கு ஒரு புள்ளி வெச்சுட்டே வாங்க. 15 வினாடியில 37, 38 புள்ளி விழுந்தா நிமிஷத்துக்கு 150.

தேங்காய் எண்ணெய் வேண்டாம். புரோப்புக்கும் தோலுக்கும் நடுவுல காத்து இருந்தா ஒலி உள்ளே போகவே போகாது, அதை அடைக்கத்தான் ஜெல். எண்ணெய், வாசலின் ரெண்டும் புரோப்போட முகத்தைக் காலப்போக்குல கெடுத்துடும். ஸ்கேன் ஜெல் 250 மில்லி பாட்டில் சர்ஜிக்கல் கடையில கிடைக்கும். தண்ணியில கரையற ஜெல்தான்னு பார்த்து வாங்குங்க. ஒரு தடவைக்குப் பெரிய நெல்லிக்காய் அளவு போதும். காய்ஞ்சு பிசுபிசுன்னு ஆனா சத்தம் போயிடும், திரும்பக் கொஞ்சம் வைக்கணும்.

‘கர்ர்’னு இரைச்சல் மட்டும் வந்தா முதல்ல பேட்டரியை மாத்துங்க. செல்போனைத் தள்ளி வையுங்க. சார்ஜர் வகை மெஷின்னா சார்ஜ் போட்டுக்கிட்டே வயித்துல வைக்காதீங்க.

பதில்: ஸ்டாஃப் நர்ஸ், கிருஷ்ணகிரி

தம்பி, தொப்புளுக்குக் கீழே வைத்ததுதான் தவறு. 14 வாரத்தில் கர்ப்பப்பை அவ்வளவு மேலே வந்திருக்காது. குழந்தை தலையிலிருந்து பிட்டம் வரை 8 சென்டிமீட்டர்தான் இருக்கும். அடிவயிற்றின் கீழ்முனையில் முன்புற எலும்பு கையில் தட்டுப்படும் இடத்துக்கு ஒரு விரல்கடை மேலே, நடுவில் வையுங்கள். புரோப்பை நேராக நிறுத்தாமல் இடுப்புக்கூட்டை நோக்கிக் கீழே சாய்க்க வேண்டும். அங்கேயே வைத்துக்கொண்டு கோணத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். வயிறு முழுக்கத் தேய்த்துக்கொண்டே போனால் தேய்க்கிற சத்தம்தான் கேட்கும். இந்த வாரங்களில் சிறுநீர்ப்பை ஓரளவு நிரம்பியிருந்தால் நல்லது, கர்ப்பப்பை கொஞ்சம் மேலே எழும்பி வரும்.

நச்சுக்கொடி முன்பக்கம் இருப்பது நோய் அல்ல. புரோப்புக்கும் குழந்தைக்கும் நடுவில் அது மெத்தை மாதிரி கிடக்கும், அவ்வளவுதான். அதன் ‘புஸ்’ஸில் குழந்தையின் சத்தம் அமுங்கிவிடும். அதைச் சுற்றி ஓரங்களில் தேட வேண்டும். உடம்பு கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாலும் பிடிப்பது கஷ்டம். அப்போது 3ஐ விட 2 மெகாஹெர்ட்ஸ் புரோப் ஆழமாகப் போகும். மருத்துவமனையிலேயே 12 வாரத்துக்கு முன் டாப்ளரில் கிடைக்காமல் ஸ்கேனில் பார்ப்பது சாதாரணம். வீட்டில் 16 வாரம் வரை கிடைக்காமல் போனால் அதற்கு அர்த்தம் எதுவும் இல்லை.

ஐந்து நிமிடத்துக்கு மேல் தேடாதீர்கள். தினமும் வேண்டாம். அல்ட்ராசவுண்ட் தேவைக்கு மட்டும், முடிந்த அளவு குறைவாக என்பதுதான் எங்களுக்குச் சொல்லித் தரும் விதி. அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் எஃப்டிஏ 2014லேயே வீட்டில் டாப்ளர் வைத்துக் கேட்பதைத் தவிர்க்கச் சொல்லிவிட்டது.

இன்னொன்று. 20 வாரத்துக்கு மேல் ஆனால் மல்லாக்கப் படுக்க வைத்துத் தேடவே கூடாது. கர்ப்பப்பையின் எடை பெரிய ரத்தக்குழாயை அழுத்தி அவருக்குத் தலை சுற்றும். இடது பக்கம் சாய்த்து முதுகுக்கு ஒரு தலையணை கொடுங்கள்.

பதில்: அரூர் அக்கா

எல்லாரும் எப்படிக் கேட்கணும்னு சொல்லிட்டீங்க. நான் எப்போ கேட்கவே கூடாதுன்னு சொல்றேன்.

28 வாரத்துக்கு மேல குழந்தை அசைவு குறைஞ்ச மாதிரி இருந்தா அந்த மெஷினைக் கையில எடுக்காதீங்க. துடிப்பு இருக்குன்னு மட்டும்தான் அது சொல்லும், குழந்தை நல்லா இருக்குன்னு சொல்லாது. ஆக்ஸிஜன் குறைஞ்சு தவிக்கிற குழந்தைக்கும் அந்த நிமிஷத்துல 130, 140 வரும். ஆஸ்பத்திரியில என்எஸ்டின்னு குழந்தையோட துடிப்பைப் பதிவு பண்ற சோதனையை 20 நிமிஷம் ஓட்டுறது எதுக்கு? துடிப்பு ஒரே கோடா போகுதா, குழந்தை அசையும்போது ஏறுதான்னு பார்க்க. 15 துடிப்பு ஏறி 15 வினாடி நிக்கணும். அதைக் காதால ரெண்டு நிமிஷம் கேட்டுக் கண்டுபிடிக்க முடியாது. 38 வாரத்துல அசைவு குறைஞ்சும் வீட்டு டாப்ளரை நம்பித் தாமதிச்சு குழந்தையை இழந்த ஒரு தாயைப் பத்தி 2009ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல டாக்டர்களே எழுதியிருக்காங்க.

அசைவு சந்தேகமா இருந்தா ஏதாச்சும் சாப்பிட்டு, இடது பக்கமா படுத்து, வயித்துல கை வெச்சு எண்ணச் சொல்லுங்க. ரெண்டு மணி நேரத்துக்குள்ள 10 வரணும். வரலைன்னா அன்னிக்கே கிளம்பணும், நாளைக்குப் பார்க்கலாம்னு தள்ளக் கூடாது. அஞ்செட்டி, தளி பக்கம் மலைக்கிராமம்னா ரெண்டு மணி நேரம் முடியட்டும்னு கூடக் காத்திருக்க வேண்டாம், மனசுல உறுத்தினவுடனே 108 கூப்பிடுங்க.

கேள்வி கேட்டவர்: தேன்கனிக்கோட்டைக்காரன்

ரொம்ப நன்றி. ஆக்ஸிமீட்டர் மாட்டிப் பார்த்தோம், நாடி 86. டாப்ளர்லயும் 86. அவ எழுந்து நடந்துட்டு வந்தப்போ ரெண்டும் சேர்ந்து 98க்கு ஏறுச்சு. கீழே எலும்புக்கு மேல வெச்சும் தேடினோம், வேகமா எதுவும் சிக்கல. அழுகை நின்னுடுச்சு. இன்னொண்ணு, எங்க அம்மா கேட்கச் சொன்னாங்க, 161ன்னா பொண்ணாமே?

பதில்: பயோமெட் தருமபுரி

ரெண்டும் சேர்ந்தே ஏறினதுதான் சாட்சி. அது அம்மாவோட நாடியேதான்.

பதில்: ஸ்டாஃப் நர்ஸ், கிருஷ்ணகிரி

161க்கும் பெண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. ‘140க்கு மேலே பெண், கீழே பையன்’ என்பது வெறும் பேச்சு. 9, 10 வாரத்தில் எந்தக் குழந்தைக்கும் 170, 180 வரை ஓடும். நாள் ஆக ஆகக் குறைந்து 110இலிருந்து 160க்குள் வந்து நிற்கும். 12 வாரத்தில் 161 என்பது அந்த வயதுக்கு உரிய வேகம். பெண் சிசுவை வேண்டாம் என்று ஒதுக்கிய கதை தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும் உண்டு, அதனால் பட்டென்று சொல்கிறேன்: சத்தம் மட்டும் தரும் மெஷினால் ஆணா பெண்ணா என்று சொல்லவே முடியாது. சொல்ல முடிகிற ஸ்கேனில் கேட்பதும் சொல்வதும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

மெஷினைத் துடைத்துப் பேட்டரியைக் கழற்றி வைத்துவிடுங்கள். கிராம சுகாதார செவிலியரிடம் சொன்னால் அடுத்த பரிசோதனையில் அவரே கேட்டுச் சொல்வார். மாதம் 9ஆம் தேதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் பார்க்கும் கர்ப்பிணிகள் முகாம் இருக்கும், அன்றைக்கும் போகலாம். 18 வாரத்துக்கு மேல், குழந்தையின் உறுப்புகளில் குறை உண்டா என்று பார்க்கும் அனாமலி ஸ்கேனுக்கு இப்போதே தேதி வாங்கிக்கொள்ளுங்கள். நச்சுக்கொடி முன்பக்கம் இருப்பதால் முதல் அசைவு தெரிவது 20 வாரத்தைத் தாண்டியும் போகலாம், அதற்கும் சேர்த்து இப்போதே மனைவியிடம் சொல்லி வையுங்கள்.

பதில்: அரூர் அக்கா

புரோப்பைக் கீழே போட்டுடாதீங்க தம்பி. ஒரு தடவை விழுந்தாலே உள்ளே இருக்கிற படிகம் விரிசல் விட்டுடலாம், வெளியே பார்த்தா தெரியாது. அப்புறம் 16ஆவது வாரத்துல கேட்கலைன்னு இன்னொரு ராத்திரி அழுதுட்டு இருப்பீங்க.