அப்பம்மாவின் பெட்டியில் ஹவாய் அரசரின் வெள்ளிக்காசு: வளையத்தைக் கழற்றலாமா?

கோணமலையான்:
வணக்கம். என் அப்பப்பா போர்க்காலத்தில் திருகோணமலைச் சீனக்குடா எண்ணெய்க் குதங்களில் வேலை செய்தவர். அப்பம்மாவின் தகரப் பெட்டியில், பவளமாலைக்குக் கீழே ஒரு வெள்ளிக்காசு கிடைத்தது. ஒரு பக்கம் அடர்ந்த கன்னமீசையுடன் வலப்புறம் பார்க்கும் அரசர், 1883. மறுபக்கம் கிரீடம் வைத்த கேடயம், கீழே ‘ஹபலுவா’ என்று ஆங்கில எழுத்துகளில் இருக்கிறது. மேல் விளிம்பில் கழுத்தில் கோப்பதற்கு ஒரு வளையம் பற்றவைத்திருக்கிறார்கள். நகரில் ஒரு நகைக்கடையில் காட்டினேன். வெள்ளி நிறைக்கு மட்டும் பணம் தருவதாகச் சொன்னார்கள். அம்மாவோ திருநீறு போட்டுத் தேய்த்துத் தருவதாக நிற்கிறார். 1944இல் சரடோகா விமானந்தாங்கிக் கப்பலில் வந்த அமெரிக்க மாலுமி ஒருவர் செலவுக்குக் கொடுத்த காசு என்பது வீட்டுக்கதை. உண்மையான காசுதானா? வளையத்தைக் கழற்றினால் மதிப்புக் கூடுமா?

வெள்ளிப்பித்தன்:
முதலில் திருநீற்றை அம்மாவின் நெற்றிக்கே விட்டுவிடுங்கள். தேய்த்த காசைச் சேகரிப்பவர்கள் கையாலும் தொடமாட்டார்கள்.

உங்களிடம் இருப்பது ஹவாய் அரசர் கலாகாவுவாவின் அரை டாலர். ‘ஹபலுவா’ என்றால் ஹவாய் மொழியில் அரை. பத்துச் சதம், கால், அரை, ஒரு டாலர் என நான்கு வகை. அமெரிக்க நாணயச் செதுக்குநர் சார்லஸ் பார்பர் வடிவமைத்து, சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலையில் அடித்தவை. சர்க்கரை முதலாளி கிளாஸ் ஸ்ப்ரெக்கல்ஸ் இடைநின்று ஏற்பாடு செய்தார். மொத்தம் பத்து இலட்சம் டாலர் பெறுமதி. அரை டாலர் மட்டும் 7,00,000 அடித்தார்கள். 1893இல் முடியாட்சி கவிழ்ந்தது, 1898இல் அமெரிக்கா தீவுகளை இணைத்துக்கொண்டது, 1903இல் காசுகளைத் திரும்பப் பெற்று உருக்கினார்கள். அரை டாலரில் ஆறு இலட்சத்துக்கு மேல் உருகிப்போயிற்று. பத்துச் சதக் காசு ஏறக்குறைய முழுவதும் தப்பியது. அதனால்தான் அடித்த எண்ணிக்கையை மட்டும் பார்த்து அரிது, மலிவு என்று சொல்லக்கூடாது.

வீட்டுக்கதையில் ஒரு திருத்தம். சரடோகா 1944 மார்ச் கடைசியில் திருகோணமலைக்கு வந்தது உண்மை. ஏப்ரலில், சுமாத்திராவை ஒட்டி ஜப்பானியர் வசமிருந்த சபாங் துறைமுகத்தைத் தாக்கப் போனதும் இங்கிருந்துதான். ஆனால் அப்போது இந்தக் காசு செல்லாக்காசாகி நாற்பது ஆண்டுகள். எந்த மாலுமியும் இதைச் செலவுக்குக் கொடுத்திருக்கமாட்டார். நினைவுப்பொருளாகக் கொடுத்திருக்கலாம்.

பரிசோதனை எளிது. விட்டம் 30.6 மில்லிமீற்றர், விளிம்பு முழுவதும் வரிகள், நிறை 12.5 கிராம். வளையத்தின் நிறை இதோடு தனியாகச் சேரும். போலிகள் நிறைய உலவுகின்றன.

பத்தர்வீட்டுப்பேரன்:
தம்பி, வளையத்தை யார் வைத்தது என்று முதலில் பாருங்கள். பற்று மங்கிய சாம்பல் நிறமாக, ஊசியால் கீறினால் மெத்தென்று இருந்தால் அது ஈயப்பற்று. நம் பத்தர் வெள்ளிக்கு அப்படிச் செய்யமாட்டார். வெள்ளிப்பொடி (வெள்ளி கலந்த பற்று) வைத்து ஊதுகுழலால் ஊதி ஒட்டியிருந்தால் இணைப்பு வெண்மையாகவும் கடினமாகவும் இருக்கும். ஹவாயிலேயே இக்காசுகளை ஊசிப்பதக்கம், பொத்தான் என்று ஆக்கினார்கள். கழற்றவேண்டாம். பொடிப்பற்றை இளக்கும் சூட்டில் காசின் மேற்பரப்பே மாறிவிடும். பிறகு பூந்திக்கொட்டை நீரில் போட்டாலும் பழைய நிறம் வராது.

கோணமலையான்:
நன்றி ஐயா, அண்ணை. மின்தராசில் வளையத்தோடு 13.1 கிராம் காட்டியது. விளிம்பில் வரிகள் தெளிவாக உள்ளன. வளையத்தின் அடியில் மட்டும் மழுங்கியிருக்கின்றன. இணைப்பு வெண்மையாக இருக்கிறது, ஊசி இறங்கவில்லை. அப்படியானால் ஊதியவர் இங்குள்ள பத்தராகவும் இருக்கலாம் அல்லவா?

வெள்ளிப்பித்தன்:
இருக்கலாம். பொடிப்பற்று ஹொனலூலுவிலும் தெரிந்த வேலைதான், அதை வைத்து மட்டும் ஊரைச் சொல்ல முடியாது. நிறை பொருந்துகிறது. ஆனால் அது மட்டும் போதாது. நூலில் கட்டி நீருக்குள் தொங்கவிட்டும் நிறுங்கள். வெளியில் காட்டும் நிறையை, நீருக்குள் குறையும் நிறையால் வகுத்தால் ஒப்படர்த்தி (நீரைப்போல் எத்தனை மடங்கு அடர்த்தி) கிடைக்கும். அது 10.3 அளவில் வந்தால் 90 வீத வெள்ளிக்குப் பொருந்தும். பற்றவைத்த காசுக்குச் சேகரிப்பாளர் விலை வெகுவாகக் குறையும், அதைச் சொல்லிவிடுகிறேன். அதற்காக நகைக்கடைக்குக் கொடுத்துவிடாதீர்கள், அது உருக்குச் சட்டிக்குத்தான் போகும். இரு பக்கமும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து இங்கே போடுங்கள், எழுத்துகளின் ஓரங்களைப் பார்த்தால் உருக்கி வார்த்த போலியா, அச்சில் அடித்த காசா என்று சொல்லிவிடலாம்.