பின் விளக்கில் கறுப்பு ஸ்ப்ரே அடித்துவிட்டேன், நாளை மறுநாள் சோதனை: அவசரம்

வேலந்தாவளம் தம்பி:
அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். இங்கே வந்து ஐந்து மாதம் ஆகிறது. போன மாதம் ஒரு பழைய கார் வாங்கினேன். பின் விளக்குகள் வெளிறிப்போய்ப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஊரில் சித்தப்பா மகன் பைக்கில் செய்தது நினைவுக்கு வந்தது. விளக்குக்கென்றே விற்கும் கறுப்பு ஸ்ப்ரே ஒரு டப்பா வாங்கி, ஞாயிற்றுக்கிழமை வாசலில் வைத்து நானே அடித்தேன். மெல்லிய பூச்சாக அடிக்கச் சொல்லித்தான் டப்பாவில் இருந்தது. நிறம் ஏறவில்லையே என்று அழுத்தி நான்கு பூச்சு அடித்தேன். இடது பக்கம் ஒழுகி, அழுத கண்ணில் மை கரைந்த மாதிரி கோடு கோடாக நிற்கிறது. நாளை மறுநாள் வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். எதைப் போட்டுத் துடைத்தால் போகும்? வீட்டில் இருக்கும் பொருளாகச் சொல்லுங்கள். மனைவிக்கு இன்னும் தெரியாது.

நகரிக்காரன், துபாய்:
தம்பி, லைசென்ஸ் எடுத்தாயா? அதை முதலில் சொல். நான் 2011இல் வந்தபோது ஊர் லைசென்ஸை நீட்டினேன். திருப்பிப் பார்க்கக்கூட இல்லை. ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்து, ஆகஸ்டு வெயிலில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள, மூன்று முறை தோற்று நான்காம் முறை தேறினேன். அதற்குக் கட்டிய பணத்தில் நகரியில் ஒரு தறி போட்டிருக்கலாம். வந்த ஐந்தாம் மாதத்தில் நானும் இன்னொருவனும் ஒரே கட்டிலில் முறை வைத்துத் தூங்கினோம், அவன் பகலில், நான் இரவில். நீ என்னடா என்றால் விளக்குக்கு மை தீட்டிக்கொண்டிருக்கிறாய்.

கொழிஞ்சாம்பாறை அக்கா, ஸ்டுட்கார்ட்:
வண்டியை எடுக்காதே தம்பி. விளக்கின் ஓரத்தில் ஒரு வட்டத்துக்குள் ஆங்கில ஈ எழுத்தும் பக்கத்தில் ஓர் எண்ணும் அச்சாகியிருக்கும். அதுதான் அந்த விளக்கின் ஜாதகம். எந்த நாட்டில் ஒப்புதல் பெற்றது என்பதை அந்த எண் சொல்லும், ஜெர்மனிக்கு 1. தயாரித்த நிலையிலேயே இருந்தால்தான் அந்த ஒப்புதல் செல்லும். மேலே பூச்சு அடித்தால் விளக்கோடு போகாது, வண்டி சாலையில் ஓடும் அனுமதியே போய்விடும். இங்கே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சோதனை. அதற்கு முதல் வாரம் என் வீட்டுக்காரருக்குத் தூக்கமே வராது. வந்த முதல் குளிர்காலத்தில் பனிக்கு ஏற்ற டயர் மாற்றாமல் ஓட்டிவிட்டு அவர் பட்ட பாட்டை எழுதினால் இரவு விடிந்துவிடும்.

கொல்லங்கோட்டுப் பெரியவர், மெல்பர்ன்:
எந்த நாடு என்று தம்பி சொல்லவே இல்லையே. சோதனை என்றால் எந்தச் சோதனை? கறுப்புக்கு மேலே பளபளப்புக்காக கிளியர் கோட் அடித்தாயா? இவை தெரியாமல் மருந்து சொல்ல முடியாது.

புத்தூர்க்காரன், ஹூஸ்டன்:
எதற்கு இவ்வளவு பயம்? டெக்சஸில் 2025 ஜனவரி முதல் சொந்தக் கார்களுக்குப் பாதுகாப்புச் சோதனையையே எடுத்துவிட்டார்கள். எங்கள் தெருவில் பாதி வண்டிகள் கறுப்பு விளக்கோடுதான் போகின்றன. எடுத்தே ஆக வேண்டும் என்றால் ஒரு மூடி தின்னர், ஒரு பழைய பனியன் துணி, ஐந்து நிமிடம். உடைந்த எலும்பையே எங்கள் ஊரில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டி நடக்கவிடுகிறார்கள். பிளாஸ்டிக் என்ன பிரமாதம்?

கொல்லங்கோட்டுப் பெரியவர், மெல்பர்ன்:
தின்னரைத் தொடாதே தம்பி. அசிட்டோன், பெட்ரோல், நகப்பூச்சு அழிக்கும் திரவம் எதுவும் வேண்டாம். மகள் வீட்டுக்கு வருவதற்கு முன் பொள்ளாச்சியில் 22 ஆண்டு ஸ்ப்ரே கன் பிடித்தவன் சொல்கிறேன். பின் விளக்கு பெரும்பாலும் அக்ரிலிக். தின்னர் அதன் மேல் படுவது கறுப்பை மட்டும் கரைப்பதோடு நிற்காது. எங்கள் பட்டறையில் ஒரு பையன் அம்பாசடர் விளக்கைத் தின்னர் துணியால் துடைத்தான். துடைத்த உடனே பளிச்சென்றுதான் இருந்தது. சாயங்காலம் பார்த்தால் உள்ளுக்குள் நூல் நூலாக விரிசல், தண்ணீர் வற்றிய ஏரி மாதிரி. அந்த விரிசலை எந்தப் பாலிஷும் எடுக்காது. புத்தூர்க் கட்டும் போட முடியாது.

சத்தியவேட்டுக்காரி, சான் ஹோசே:
புத்தூர் அண்ணா, சோதனை இல்லை என்றால் சட்டமும் இல்லை என்றா பொருள்? கலிஃபோர்னியாவில் 1969 ஜனவரிக்குப் பிறகு செய்த வண்டி எதுவானாலும் அதன் பின் விளக்கு 1,000 அடி தூரம்வரை தெளிவாகத் தெரிய வேண்டும். இல்லையென்றால் போலீஸ் நிறுத்தலாம். புதிதாக வந்தவர்களுக்கு இரவில் போலீஸ் நிறுத்துவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். பையிலிருந்து காகிதத்தை எடுக்கலாமா கூடாதா என்றே தெரியாமல் இரண்டு கையையும் ஸ்டீயரிங்கில் வைத்துக்கொண்டு அழுதேன். யாரிடம் கேட்பது? தமிழ்ச் சங்கத்துக்குப் போன் செய்தால் ஊர் எது என்றார்கள். ஆந்திரம் என்றதும் தெலுங்குச் சங்கத்தின் எண்ணைக் கொடுத்தார்கள்.

கொழிஞ்சாம்பாறை அக்கா, ஸ்டுட்கார்ட்:
அதைச் சொல்லுங்கள். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் வழியில் படித்தேன். சான்றிதழில் கேரளம் என்று இருப்பதால் எனக்கு முதல் பொங்கலுக்குக் கிடைத்த பாராட்டு, “நீங்கள் மலையாளியாக இருந்தும் தமிழ் நன்றாகப் பேசுகிறீர்கள்.” பாலக்காட்டுக்குள் போனால் பாண்டி, கோவைக்குள் போனால் மலையாளத்தான்.

நகரிக்காரன், துபாய்:
இங்கே அந்தக் கவலையே இல்லை. மூன்று சங்கத்துக்கும் சந்தா கட்டச் சொல்கிறார்கள்.

புத்தூர்க்காரன், ஹூஸ்டன்:
எனக்கு வாடகையைப் பற்றிப் பேச வேண்டும். ஓர் அறை, ஒரு சமையலறை, அதற்கு

மீனாட்சிபுரத்தான், லெஸ்டர்:
அண்ணா, வாடகைக்கு வேறு திரி தொடங்குங்கள். பையன் பாவம், நாளை மறுநாள் என்கிறான். தம்பி, இருக்கிறாயா?

வேலந்தாவளம் தம்பி:
மன்னிக்க வேண்டும், இரவுப் பணி முடிந்து இப்போதுதான் பார்க்கிறேன். இங்கிலாந்து, கோவென்ட்ரி. எம்ஓடி சோதனை, வண்டி சாலையில் ஓடத் தகுதியா என்று ஆண்டுதோறும் பார்ப்பார்களே, அது. ஆமாம் ஐயா, கிளியர் கோட் இரண்டு பூச்சு அடித்தேன். விளக்கு, பிரேக், பிரதிபலிப்பான் எல்லாம் ஒரே சிவப்புக் கண்ணாடிக்குள்தான் இருக்கின்றன, அத்தனையும் கறுத்துவிட்டது. நம்பர் பிளேட்டுக்கு மேலே இருக்கும் சின்ன விளக்கை மட்டும் விட்டுவிட்டேன்.

மீனாட்சிபுரத்தான், லெஸ்டர்:
இப்போதாவது சொன்னாயே. நான் இங்கே ஒரு கார்ப் பட்டறையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். இப்போதுள்ள சான்று எந்தத் தேதியில் முடிகிறது?

வேலந்தாவளம் தம்பி:
22ஆம் தேதி அண்ணா.

மீனாட்சிபுரத்தான், லெஸ்டர்:
இன்று 5. உனக்கு 17 நாள் இருக்கிறது. நாளை மறுநாள் என்பது நீயே பதிவு செய்த நேரம்தானே? போன் செய்து தள்ளிப்போடு. முடியும் தேதிக்கு ஒரு மாதத்துக்கு ஒரு நாள் குறைவாக முன்னதாகவே சோதித்துக்கொள்ளலாம், அடுத்த ஆண்டுத் தேதி மாறாது. அதனால்தான் எல்லோரும் முன்கூட்டியே வருகிறார்கள். கட்டாயம் ஒன்றும் இல்லை. ஆனால் 22க்குப் பிறகு சான்று இல்லாமல் ஓட்டினால் 1,000 பவுண்டுவரை அபராதம், முன்பதிவு செய்த சோதனைக்குப் போகும் வழியைத் தவிர.

இப்படியே கொண்டுவந்தால் தேறாது. பூச்சு வெளிச்சத்தைக் கண்ணுக்குத் தெரியும்படி குறைத்தாலே தோல்விதான், பிரதிபலிப்பானையும் தனியாகப் பார்ப்பார்கள். காருக்குக் கட்டணம் அதிகபட்சம் 54.85 பவுண்டு. விளக்கில் தோற்றால், சரிசெய்து அடுத்த வேலை நாள் முடிவதற்குள் அதே இடத்துக்குக் கொண்டுபோனால் மறு சோதனைக்குப் பணம் இல்லை. அதை நம்பிப் போய் நிற்காதே, முதலில் பூச்சை எடு. இன்சூரன்ஸ்காரர்களிடம் சொல்லாமல் வண்டியில் மாற்றம் செய்தது இன்னொரு தலைவலி. பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டால் அந்தப் பேச்சே எழாது. நகரி அண்ணனுக்கும் பதில்: ஊர் லைசென்ஸ் இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் செல்லும், அதற்குள் இந்த ஊர்த் தேர்வை எழுதி, ஓட்டிக் காட்டித் தேற வேண்டும்.

நகரிக்காரன், துபாய்:
அதைத்தான் முதலிலேயே கேட்டேன்.

கொல்லங்கோட்டுப் பெரியவர், மெல்பர்ன்:
இனி என் பாடு. ஒழுகியதற்குக் காரணம் உன் கை மட்டும் இல்லை. நம் ஊரில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் ஸ்ப்ரே விழுந்த உடனே காயும், அங்கே தூசிதான் எதிரி. கோவென்ட்ரிக் குளிரில் கரைப்பான் ஆவியாகாமல் பூச்சு ஈரமாகவே நிற்கும். அதன் மேல் அடுத்ததை அடித்தால் எடை தாங்காமல் இறங்கும்.

பிரதிபலிப்பானைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் பலரும் இதை யோசிப்பதில்லை. பல்பு வெளிச்சம் பூச்சை ஒரு முறைதான் கடக்கிறது. பின்னால் வருபவன் விளக்கொளி பிரதிபலிப்பானுக்குள் போகும்போது ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை கடக்கிறது. பூச்சு 100க்கு 60 விடுகிறது என்று வைத்துக்கொள். பல்பில் 60 மிஞ்சும், பிரதிபலிப்பானில் 36தான். உன் நான்கு பூச்சுக்கு 30 விட்டால் அதுவே 9. இரவில் பல்பு போய் ஓரம் நிற்கும் வண்டியைக் காட்டிக்கொடுப்பது அந்தச் சிவப்பு ஒன்றுதான். பூச்சை எடுக்கும்வரை இருட்டியபின் ஓட்டாதே.

கிளியர் கோட் ஏறிவிட்டதால் துடைத்து எடுக்கும் கதை முடிந்தது. தண்ணீர் உப்புத்தாள்தான். விளக்கைக் கழற்றி மேசைமேல் வை. வண்டியிலேயே தேய்த்தால் பக்கத்துப் பெயின்டைக் கீறிவிடுவாய். வாளித் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விடு. 800 எண் தாளை ஊறவைத்து, ஒரு ரப்பர் துண்டில் சுற்றி, ஒரே திசையில் தேய். கறுத்த பால் மாதிரி வழியும், அடிக்கடி கழுவு. சிவப்பு நீர் வரத் தொடங்கினால் நிறுத்து. அப்போது நீ விளக்கையே தேய்க்கிறாய். பிறகு 1500, பிறகு 2000, இம்முறை குறுக்குத் திசையில். முழுக்க மங்கலாகித் தேய்த்த சிலேட்டு மாதிரி ஆகும். அங்கேதான் எல்லோரும் பயந்து நிறுத்துவார்கள். பாலிஷ் பசையை வைத்துக் கையாலேயே அரை மணி நேரம் தேய்த்தால் ஒளி திரும்பும். இதே வித்தையை முன் விளக்கில் காட்டாதே, அது வேறு பிளாஸ்டிக், மேலே காப்புப் பூச்சு உண்டு.

கொழிஞ்சாம்பாறை அக்கா, ஸ்டுட்கார்ட்:
ஐயா, ஒட்டும் ஃபிலிம் போட்டிருந்தால் ஹேர் டிரையரில் சூடு காட்டி உரித்திருக்கலாமே?

கொல்லங்கோட்டுப் பெரியவர், மெல்பர்ன்:
உரிக்கலாம். சட்டத்துக்கு இரண்டும் ஒன்றுதான் அம்மா.

புத்தூர்க்காரன், ஹூஸ்டன்:
இவ்வளவு தேய்ப்பதற்குப் பழைய உதிரிபாகம் வாங்கிப் போடலாம். புதுப்பேட்டையில் என்ன கேட்டாலும் கிடைக்கும், அங்கே அப்படி ஓர் இடம் இருக்காதா?

மீனாட்சிபுரத்தான், லெஸ்டர்:
இன்றைக்கு அண்ணன் சொன்னதில் உருப்படியானது இதுதான். வண்டி உடைக்கும் யார்டுகள் எல்லா ஊரிலும் உண்டு. நம்பர் பிளேட் எண்ணைச் சொன்னால் பொருந்துமா என்று அவர்களே பார்த்துச் சொல்வார்கள். வலப்பக்கமா இடப்பக்கமா என்பதைச் சரியாகக் கேள், ஓட்டுநர் உட்கார்ந்திருக்கும் பார்வையில் சொல்ல வேண்டும்.

வேலந்தாவளம் தம்பி:
ஐயா, அண்ணா, மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். நேரத்தை 18ஆம் தேதிக்கு மாற்றிவிட்டேன். வலது விளக்கு இரண்டரை மணி நேரத்தில் தெளிந்துவிட்டது. ஓரத்தில் அந்த வட்டமும் ஈ எழுத்தும்கூடத் தெரிகின்றன. இடது விளக்கில் ஒழுகிய இடத்தை அழுத்தித் தேய்த்ததில் குழி விழுந்துவிட்டது. யார்டில் 18 பவுண்டுக்கு ஒன்று வாங்கினேன். சமையலறையில் உப்புத்தாளைப் பார்த்து மனைவிக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, அதைப் பற்றி எழுதவில்லை. ஒரே ஒரு சந்தேகம்: வாங்கிய விளக்கின் பின்புறம் ரப்பர் வளையம் இல்லை. அப்படியே மாட்டலாமா?

கொல்லங்கோட்டுப் பெரியவர், மெல்பர்ன்:
மாட்டாதே. உன் பழைய விளக்கிலிருந்து ரப்பரைக் கழற்றி, துடைத்துப் போடு. இல்லையென்றால் அடுத்த மழைக்கு டிக்கியில் தண்ணீர் நிற்கும். திருகை ஒரே மூச்சில் இறுக்காமல் மாறி மாறி இறுக்கு. மாட்டியதும் மனைவியைப் பின்னால் நிற்கவைத்து பிரேக், இண்டிகேட்டர், ரிவர்ஸ் மூன்றும் எரிகின்றனவா என்று கேட்டுக்கொள்.

வேலந்தாவளம் தம்பி:
நிற்கிறாள் ஐயா. பிரேக் எரிகிறதாம்.