உருவும்போது துப்பாக்கியோடு உறையும் சேர்ந்து வந்துவிடுகிறது: எந்த ஹோல்ஸ்டர் வாங்குவது?

கடைக்காரர்_பிளேனோ:
வணக்கம். டெக்சாஸில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். இரவு 11 மணிக்குக் கடையை அடைத்துவிட்டுப் பணப்பையுடன் தனியாகக் காருக்கு நடக்க வேண்டியிருப்பதால், சட்டைக்குள் மறைத்து வைத்துக்கொள்ள ஒரு கைத்துப்பாக்கி வாங்கினேன். கூடவே வாங்கிய ஹோல்ஸ்டர் சரியில்லை. நேற்று வீட்டில் உருவிப் பழகியபோது உறையும் சேர்ந்தே கையோடு வந்துவிட்டது. காரில் உட்கார்ந்தால் கைப்பிடி விலாவில் குத்துகிறது. நல்ல உறையின் பெயர் சொன்னால் இன்றே வரவழைத்துவிடுவேன். அவசரம்.

ஹூஸ்டன்_வாசி:
என்ன துப்பாக்கி, உறை தோலா பிளாஸ்டிக்கா துணியா, இடுப்பில் எந்த இடத்தில் செருகுகிறீர்கள், வலக்கையா இடக்கையா? இவை எதையும் சொல்லாமல் பெயர் கேட்டால், காலின் அளவைச் சொல்லாமல் செருப்புக் கேட்பது போலாகிவிடும். இன்னொன்று: நீங்கள் பச்சை அட்டை, அதாவது நிரந்தர வசிப்புரிமை அட்டை, உள்ளவரா? எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் முதலான சில விலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல் 21 வயதானவர்களுக்கு உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி வைத்துச் செல்ல அனுமதி உண்டு என்பதை மட்டும் கேட்டுவிட்டு, இந்தத் தடையைப் பலர் கவனிப்பதில்லை.

பெல்ட்_முதலில்:
உறையை மாற்றுவதற்கு முன் பெல்ட்டை மாற்றுங்கள். அலுவலகக் கால்சட்டைக்குப் போடும் மெல்லிய பெல்ட் துப்பாக்கியின் எடையில் மடிந்து முறுக்கிக்கொள்ளும். உறையின் கிளிப் பிடிப்பதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. ஒன்றரை அங்குல அகலத்தில், வளைத்தாலும் பக்கவாட்டில் தொய்யாத விறைப்பான பெல்ட் கட்டினால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

தோலும்நூலும்:
தம்பி, இந்தக் கேள்விக்கு நான் இங்கே எத்தனை முறை பதில் எழுதியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. பழைய இழைகளைப் படித்துவிட்டுக் கேட்பது நல்ல பழக்கம். 22 ஆண்டுகளாக ஒரே தோல் உறையைத்தான் கட்டுகிறேன். அது உடம்போடு படிந்துவிடும், குத்தாது, வியர்வையில் வழுக்காது. நல்ல தோல் உறை வாங்குங்கள். மற்றதெல்லாம் அனுபவம் இல்லாதவர்களின் பேச்சு.

கடைக்காரர்_பிளேனோ:
மன்னிக்கவும். குளோக் 19. குழலுக்கு அடியில் சிறு விளக்கு பொருத்தியிருக்கிறேன். வலக்கை, வலது இடுப்புக்குச் சற்றுப் பின்னால், கால்சட்டைக்குள் செருகுகிறேன். உறை நைலான் துணி. எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தும் என்று அட்டையில் போட்டிருந்தது. பெல்ட் சாதாரணமானது. பச்சை அட்டை இருக்கிறது.

சுடுதளப்_பயிற்றுநர்:
இதைப் படித்ததும் எழுதுகிறேன்: அந்த நைலான் உறையை இன்றிலிருந்தே பயன்படுத்தாதீர்கள். உறையோடு சேர்ந்து வருவது உங்களுக்குத் தெரிந்த குறை. தெரியாத குறை அதைவிடப் பெரியது. துப்பாக்கியை உருவியதும் அந்தத் துணியின் வாய் தட்டையாக மூடிக்கொள்ளும். மறுபடி செருகும்போது இடக்கையால் வாயைப் பிரித்துப் பிடித்தாக வேண்டும். அப்போது குழல் உங்கள் இடக்கை விரல்களைக் குறிபார்த்தே உள்ளே இறங்கும். துணியின் மடிப்பு விசைக்கு, அதாவது சுடுவதற்கு விரலால் இழுக்கும் ட்ரிக்கருக்கு, முன்னால் சிக்கவும் கூடும். குளோக் 19-இல் பெருவிரலால் போடும் தனிப் பூட்டு கிடையாது. விசையின் நடுவில் நாக்குப் போல நீட்டிக்கொண்டிருக்கும் காப்பு, எது முன்னிருந்து அழுத்தினாலும் விசையோடு சேர்ந்தே அமுங்கிவிடும். ஏறத்தாழ 5.5 பவுண்டு அழுத்தம் போதும். ஆகவே விசையைச் சுற்றிய வளையம் முழுவதையும் கெட்டியாக மூடும் உறைதான் இங்கே உண்மையான பூட்டு.

விளக்கைப் பற்றி முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். விளக்குப் பொருத்திய துப்பாக்கிக்கு, அந்தத் துப்பாக்கியும் அந்த விளக்கின் மாதிரியும் சேர்ந்த இணைக்கென்றே வார்த்த உறைதான் பொருந்தும். விளக்கு நுழைய வேண்டியிருப்பதால் அதன் வாய் அகலமாக இருக்கும். சில உறைகளில் விசை வளையத்தின் ஓரம் விரல் நுழையும் அளவு இடைவெளி விட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். கடையிலிருந்து காருக்கு நடக்கக் கையில் ஒரு டார்ச் போதும் என்றால், விளக்கைக் கழற்றிவிடுவதே எளிது.

ஹூஸ்டன்_வாசி:
அப்படியானால் கைடெக்ஸ்தான். சூட்டில் இளக்கித் துப்பாக்கியின் வடிவத்திலேயே வார்த்த கெட்டிப் பிளாஸ்டிக். உருவிய பிறகும் வாய் திறந்தபடியே நிற்கும், ஒரு கையால் செருகலாம்.

தோலும்நூலும்:
பிளாஸ்டிக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் கல்லாவில் உட்கார்ந்து பாருங்கள், பிறகு பேசலாம். தோலைக் குறை சொல்பவர்கள் மலிவுத் தோலைத்தான் பார்த்திருப்பார்கள்.

ஹூஸ்டன்_வாசி:
ஐயா, நல்ல தோலும் வியர்வையில் ஊறி ஊறித் தளரும். என் மாமாவின் உறையை அவர் கழற்றி வைத்தபோது கையில் வாங்கிப் பார்த்தேன். வாய்ப்பக்கத்து ஓரம் வெற்றிலை நுனி போல உள்பக்கம் சுருண்டிருந்தது. தோட்டா இல்லாத துப்பாக்கியை மெதுவாகச் செருகிப் பார்த்தபோது, அந்தச் சுருள் நேராக விசை வளையத்துக்குள் போய் உட்கார்ந்தது. அன்றே அதைக் கத்தரித்துக் குப்பையில் போட்டோம். 22 ஆண்டுகள் கட்டியது என்பது அந்த உறைக்குச் சான்றிதழ் ஆகாது. சோதித்துப் பார்க்க அதுவே காரணம்.

தோலும்நூலும்:
வாய்ப்பக்கம் உலோகப் பட்டை வைத்துத் தைத்த உறை சுருளாது. இது தெரியாமல் தோலையே பழிக்க வேண்டாம்.

முன்புறம்_வை:
காரில் குத்துவதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே. ஓட்டுநர் இருக்கையில் சீட் பெல்ட்டின் கொக்கி சரியாக வலது இடுப்பில்தான் வருகிறது. துப்பாக்கியும் அங்கேயே இருந்தால் இரண்டும் இடிக்கும், கொக்கியை விடுவிக்கும்போது சட்டையும் மேலே ஏறும். வயிற்றுக்கு முன்னால் வைத்துப் பாருங்கள். பெல்ட்டின் உள்பக்கத்தை அழுத்திக் கைப்பிடியை உடம்போடு திருப்பும் சிறு துண்டு சில உறைகளில் இருக்கும், க்ளா என்பார்கள். அது இருந்தால் கைப்பிடி சட்டைக்கு வெளியே துருத்தாது.

சுடுதளப்_பயிற்றுநர்:
முன்புறம் வைப்பது வசதிதான், ஆனால் குழல் தொடையின் பெரிய இரத்தக் குழாய்ப் பக்கம் நோக்கியிருக்கும். புதியவருக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். குறைந்தது சில மாதங்கள் பக்கவாட்டில் பழகட்டும்.

எங்கே வைத்தாலும் ஒன்றைச் செய்யுங்கள். தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, சேம்பர் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் இடம்) காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்தபின், துப்பாக்கியை உறையில் செருகி மெத்தைக்கு மேல் தலைகீழாகக் குலுக்குங்கள்; விழக் கூடாது. விசை இருக்கும் இடத்தை உறைக்கு வெளியிலிருந்து கட்டைவிரலால் அழுத்துங்கள். உள்ளே எதுவும் அசையக் கூடாது. செருகும்போது இடக்கையால் சட்டையை மார்பு வரை தூக்கி, உறையின் வாயைக் கண்ணால் பார்த்து, விரலை விசைக்கு வெளியே நீட்டி வைத்து, மெதுவாக இறக்குங்கள். குளிர்காலத்தில் ஜாக்கெட்டின் கீழ்க்கயிற்று முடிச்சு உறைக்குள் விழுந்து விசையை இழுக்கக்கூடும்; அந்தக் கயிற்றை உருவி எறிந்துவிடுங்கள்.

இரு_பிள்ளைகளின்_தாய்:
அண்ணா, வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்களா? வீட்டுக்கு வந்ததும் உறையோடு சேர்த்தே கழற்றிப் பூட்டுப் பெட்டிக்குள் வையுங்கள். காருக்குள் உட்கார்ந்து துப்பாக்கியை மட்டும் உருவாதீர்கள். 17 வயதுக்குக் குறைந்தவர்கள் கையில் தோட்டாவுடன் கிடைக்கும்படி அலட்சியமாக விட்டுவைப்பது டெக்சாஸில் குற்றம். நான் கேட்பது சட்டத்துக்காக மட்டும் இல்லை.

தோலும்நூலும்:
நேற்றிரவு என் உறையைச் சோதித்தேன். உலோகப் பட்டை உள்ளதுதான், ஆனால் ஒரு பக்கத் தையல் விட்டு, தோல் உள்பக்கம் சாய்ந்திருக்கிறது. மாற்றப் போகிறேன். ஹூஸ்டன் நண்பருக்கு நன்றி.

கடைக்காரர்_பிளேனோ:
தாமதத்துக்கு மன்னிக்கவும், கடையில் சரக்கு வந்த வாரம். விளக்கைக் கழற்றிவிட்டேன். குளோக் 19-க்கான கைடெக்ஸ் உறையும் விறைப்பான பெல்ட்டும் வாங்கினேன். காலித் துப்பாக்கியோடு ஐம்பது முறை உருவினேன், உறை அசையவில்லை. மெத்தைச் சோதனையிலும் விழவில்லை. காரில் இன்னும் கொஞ்சம் குத்துகிறது. மகளுக்கு 9 வயது. பூட்டுப் பெட்டி நேற்று வந்துவிட்டது. எல்லோருக்கும் நன்றி.

பெல்ட்_முதலில்:
மகிழ்ச்சி. கைடெக்ஸ் உறையின் திருகாணிகள் நாளடைவில் தளரும். வாரம் ஒரு முறை முறுக்கிப் பாருங்கள். இருக்கையின் சாய்வைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தீர்களா?