அம்மாவுக்கு அக்கி, ஈப்போ வார்டில் இருக்கிறார், துணை தேவை

வணக்கம். நாங்கள் மலேசியாவில் ஈப்போ பக்கம் சுங்கை சிப்புட். அம்மாவுக்கு 68 வயது, தோட்டத்தில் ரப்பர் பால்மரம் வெட்டி எங்களை வளர்த்தவர். இனிப்புநீர் (சர்க்கரை நோய்) உண்டு. போன வாரம் நெற்றியில் வலப்பக்கம் எரிச்சல், மறுநாள் கொப்புளம். தோட்டத்து வழக்கப்படி காவி குழைத்து அக்கி எழுதினோம். அதிலேயே இரண்டு நாள் போய்விட்டது. மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது என்று அப்போது எனக்குத் தெரியாது. மூக்கு நுனியில் கொப்புளம் வந்து கண் சிவந்ததும்தான் பயந்து ஓடினோம்.

இப்போது அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து ரத்தக்குழாய் வழியாக ஏறுகிறது. 8 மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக. சிறுநீரகத்தைப் பார்க்க அடிக்கடி ரத்தம் எடுக்கிறார்கள், தண்ணீர் நிறைய குடிக்கச் சொல்கிறார்கள். பாவம், முடி நெற்றியில் உரசினாலே துடிக்கிறார்.

பகலில் எனக்கு வேலை. ஈப்போ பக்கம் இருக்கும் அக்கா யாராவது மதியம் 2 மணி நேரம் கூட இருக்க முடியுமா? முன்பே சின்னம்மை வந்தவராக இருந்தால் நல்லது. கர்ப்பிணிகள் தயவுசெய்து வேண்டாம். அப்புறம், கண் பக்கம் அக்கி வந்து குணமானவர்கள் இருந்தால், வலி எத்தனை நாள் இருந்தது, எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதுங்கள். அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.