சந்தேகம்: கையடக்க ஹெட்ஃபோன் ஆம்ப்பில் ‘உஸ்’ என்ற இரைச்சல், வைத்துக்கொள்வதா, திருப்பி அனுப்புவதா?

அரசலாறு:
அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்குத் தினமும் ரயிலில் வேலைக்குப் போய் வருகிறேன். வழியில் பாட்டுக் கேட்பதற்காக, தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய ஹெட்ஃபோன் ஆம்ப் (ஒலியைப் பெருக்கித் தரும் ஆம்ப்ளிஃபயர்) ஒன்றைப் போன வாரம் வாங்கினேன். ஓசை நன்றாகக் கூடியிருக்கிறது, பேஸும் கனமாகக் கேட்கிறது. ஆனால் பின்னணியில் ‘உஸ்’ என்ற இரைச்சல் விடாமல் இருக்கிறது. நேராக ஃபோனில் கேட்டால் இவ்வளவு இல்லை. பொருள் பழுதா, அல்லது ஆம்ப் என்றாலே இப்படித்தானா? சனிக்கிழமைக்குள் திருப்பி அனுப்பினால்தான் பணம் கிடைக்கும், ஆகவே விரைந்து சொல்லுங்கள்.

ஓம்விதி:
எந்த ஹெட்ஃபோன், அதன் மின்தடை (இம்பீடன்ஸ்) எத்தனை ஓம், ஃபோனிலிருந்து ஆம்ப்புக்கு எந்த வழியாக இணைத்திருக்கிறீர்கள், ஆம்ப்பில் கெயின் (எத்தனை மடங்கு பெருக்குவது என்ற) சுவிட்ச் இருந்தால் அது எந்தப் பக்கம் இருக்கிறது என்பவற்றில் ஒன்றையும் எழுதவில்லையே. இவை தெரியாமல் எவர் விடை சொன்னாலும் அது குறி சொல்வதாகத்தான் இருக்கும்.

வடவாறு:
சார்ஜ் ஏறும்போது கேட்கிறீர்களா? எங்கள் வீட்டில் மின்சாரம் போய் இன்வெர்ட்டர் ஓடும் நேரத்தில் ஆம்ப்பைச் சார்ஜரோடு வைத்துக் கேட்டால் காதுக்குள் வண்டு புகுந்ததுபோல் இருக்கும். சார்ஜரைக் கழற்றினால் அந்த நொடியே நின்றுவிடும். என் எண்ணம் சார்ஜர்தான்.

முதுகுடி:
தொடங்கும் முன் பழைய விவாத இழைகளைத் தேடிப் பார்க்கும் வழக்கம் இங்கே ஒழிந்துவிட்டது. சூ மோய் என்பவர் வெளியிட்ட ஆம்ப் சுற்றை (சர்க்கியூட்டை) மிட்டாய்த் தகர டப்பாவுக்குள் 9 வோல்ட் பேட்டரியோடு நாங்களே ஈயம் பற்றவைத்துக் கேட்ட காலத்தில், இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டறிந்த பிறகுதான் பிறரிடம் கேட்போம். இப்போது பெட்டியைப் பிரித்த கையோடு கேள்வி வந்துவிடுகிறது. தம்பி முதலில் கையேட்டைப் படிக்கட்டும்.

அரசலாறு:
மன்னிக்கவும், ஹெட்ஃபோன் இல்லை, காதுக்குள் செருகும் இயர்ஃபோன். பெட்டியில் 16 ஓம் என்று இருக்கிறது. ஃபோனின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து சிறிய கம்பி வழியாக ஆம்ப்புக்குப் போகிறது. ரயிலில் சார்ஜர் போடுவதில்லை. அதிகம் கேட்பது திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி, பழைய இசைத்தட்டிலிருந்து எடுத்தது.

ஓம்விதி:
16 ஓம் என்றதுமே பாதி விடை கிடைத்துவிட்டது. இத்தகைய இயர்ஃபோன்கள் பெரும்பாலும் ஒரு மில்லிவாட்டுக்கு 100 டெசிபலோ அதற்கு மேலோ ஒலிப்பவை. 16 ஓமில் ஒரு மில்லிவாட் கிடைக்க ஏறக்குறைய 0.13 வோல்ட் போதும், அதை எந்த ஃபோனும் சிரமமின்றித் தரும். 250 ஓம் பேயர்டைனமிக் டிடி 990 புரோ ஹெட்ஃபோனுக்கோ அதே மில்லிவாட்டுக்கு அரை வோல்ட் வேண்டும், அப்போதும் 96 டெசிபல்தான் கிடைக்கும். ஆம்ப் பிறந்தது அந்த வகைக்காக. உங்களுடைய இயர்ஃபோன் குறைந்த மின்சக்தியிலேயே அவ்வளவு உரக்க ஒலிப்பதால், ஆம்ப்பின் உள்ளே எப்போதும் இருக்கும் சிறு இரைச்சலைக்கூடக் காதுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது.

இரவில் மின்விசிறியை நிறுத்திவிட்டு இதைச் செய்து பாருங்கள். பாட்டை நிறுத்துங்கள். இரைச்சலும் நின்றுவிட்டால் அது பதிவிலேயே உள்ளது. 78 சுழற்சி அரக்குத் தட்டில் ஊசி உரசிய ஓசை அது, எந்த ஆம்ப்பும் அதைக் கூட்டித்தான் தரும். நிற்கவில்லையென்றால், ஆம்ப்பின் வால்யூம் குமிழை மெல்லத் திருப்புங்கள். குமிழோடு இரைச்சலும் ஏறினால் அது ஃபோனிலிருந்து வருகிறது, எங்கே திருப்பினாலும் ஒரே அளவில் இருந்தால் ஆம்ப்பின் சொந்தச் சரக்கு. கெயினைக் குறைவான பக்கம் தள்ளி, ஃபோனின் வால்யூமை ஏறக்குறைய முழுதாக வைத்து, ஆம்ப்பில் குறைத்துக் கேளுங்கள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

மன்னை:
இவ்வளவு கணக்கு எதற்கு? எந்த ஆம்ப்பும் முதல் 100 மணி நேரம் இரையத்தான் செய்யும், ஓட ஓடப் பதப்படும். நாகஸ்வரத்தில் செருகும் புதுச் சீவாளியை யாரேனும் நேராகக் கச்சேரிக்கு எடுத்துப் போவார்களா?

அணசு:
ஐயா, நான் நரசிங்கம்பேட்டைப் பக்கத்துக்காரன், நாகஸ்வரம் வாசிப்பவன், ஆகவே இந்த உவமையை விட்டுவிட மனமில்லை. சீவாளி கொறுக்கைத் தட்டையில் செய்வது. உமிழ்நீரில் ஊறி, உதட்டின் அழுத்தத்துக்கு வளைந்து கொடுத்து, வாசிப்பவருக்கேற்ப இணங்கி வருகிறது. நல்ல சீவாளி ஒன்று இணங்கிவரும் முன் நான்கைந்து வீணாவதும் உண்டு. ஆம்ப்பில் ஊறுவதற்கு என்ன இருக்கிறது? 100 மணி நேரத்தில் பழகிப்போவது கேட்பவருடைய காதுதான்.

மன்னை:
ஆம்ப்பில் உள்ள மின்தேக்கிகள் (கெப்பாசிட்டர்கள்) நாளடைவில் மாறுவதில்லையா? தவில் தோலும் முதல் நாள் ஒரு மாதிரி, பத்தாம் நாள் ஒரு மாதிரி பேசுகிறதே.

அணசு:
தவில் தோல் மழை ஈரத்துக்கு இறங்கும், வெயிலுக்கு ஏறும். அது தோல், ஐயா.

முதுகுடி:
சீவாளியையும் தவிலையும் சர்க்கியூட்டோடு முடிச்சுப் போடுபவர்களுக்கு விளக்கம் சொல்லி என் நேரத்தை வீணாக்குவதில்லை. இருவரும் அடிப்படையைப் படியுங்கள்.

ஓம்விதி:
படிப்பதைவிட அளந்து பார்ப்பது எளிது. ஆம்ப் போட்டதும் பேஸ் கனத்தது என்று அரசலாறு எழுதியிருக்கிறார். அதற்கு ஆம்ப்பின் மேன்மை காரணமாக இருக்க வேண்டியதில்லை. ஓசையின் அளவு கூடும்போது தாழ்ந்த சுரங்கள் காதுக்கு விகிதத்தைவிட அதிகமாகத் தெரியும் என்பதை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லேயே காட்டிவிட்டார்கள். ஆம்ப் இருக்கும்போதும் இல்லாதபோதும் ஒரே அளவு ஓசையில் கேட்டால்தான் அது நியாயமான ஒப்பீடு. சாதாரண மல்டிமீட்டரே போதும்: 100 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, இயர்ஃபோன் இணைந்திருக்கும் நிலையிலேயே ஏசி வோல்ட்டை அளந்து, இரு முறையும் ஒரே எண் வருமாறு வையுங்கள். உயர்ந்த அலைவரிசையில் மலிவான மீட்டர் பொய் சொல்லும் என்பதால்தான் 100 என்றேன். பிறகு வீட்டில் யாரையாவது மாற்றி மாற்றிச் செருகச் சொல்லி, எது எதுவென்று அறியாமல் கேளுங்கள். நான் இப்படிச் செய்த அன்றைக்கு, ஆறு மாதம் புகழ்ந்து திரிந்த ஆம்ப்பை என்னால் அடையாளம் காண முடியவில்லை.

வடவாறு:
ஓடும் ரயிலில் ‘உஸ்’ கேட்கிறது என்றால் இவர் எவ்வளவு உரக்க வைத்திருக்கிறார்? ஜன்னல் திறந்த பெட்டியில் தண்டவாளச் சத்தத்தையே மீற வேண்டுமே. வாரம் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபல் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. ஆம்ப்புக்குக் கொடுத்த காசில் காதை நன்றாக அடைக்கும் நுரை முனைகளை வாங்கியிருந்தால் ரயிலுக்கு அதுவே உதவியிருக்கும்.

அரசலாறு:
தாமதத்துக்கு மன்னிக்கவும், நடவு வேலைக்காக ஊருக்குப் போய்விட்டேன். பாட்டை நிறுத்தினால் இரைச்சலில் பெரும்பங்கு நின்றுவிடுகிறது. மீதி, கெயினைக் குறைத்ததும் ஏறக்குறைய போய்விட்டது. மீட்டரை வைத்து அளந்து, தங்கையை மாற்றிச் செருகச் சொல்லிப் பத்து முறை கேட்டதில் ஐந்து முறைதான் சரியாகச் சொன்னேன். இதற்குள் சனிக்கிழமை போய்விட்டது. அனைவருக்கும் நன்றி.

நீடாமங்கலம்:
என்னிடம் 250 ஓம் ஹெட்ஃபோன் இருக்கிறது, ஃபோனில் முழு வால்யூம் வைத்தாலும் கச்சேரிப் பதிவுகள் கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல் இருக்கின்றன. நீங்கள் விற்பதாக இருந்தால் நான் வாங்கிக்கொள்கிறேன். இத்தனை பேர் இவ்வளவு எழுதியும் அது எந்த கம்பெனி, எந்த மாடல் என்பது மட்டும் இங்கே எங்கும் இல்லையே?